பிக் சர் கடலோரச் சாலை: சரிந்த மண்ணை எங்கே கொட்டுவது?

2017 மே 20, சனிக்கிழமை. கலிஃபோர்னியாவின் பிக் சர் கடலோரத்தில், கோர்டா என்ற சிற்றூருக்குத் தெற்கே மட் கிரீக் என்ற இடத்தில், மலையின் ஒரு பக்கம் அப்படியே பெயர்ந்து கடலுக்குள் இறங்கியது. ஒன்றாம் எண் மாநில நெடுஞ்சாலையில் கால் மைலுக்கும் கூடுதலான நீளம் 10, 12 மீட்டர் ஆழத்துக்கு மண்ணாலும் பாறையாலும் மூடிப்போனது. முந்தைய நாள்வரை அலையடித்த இடத்தில் சுமார் 13 ஏக்கர் புது நிலம் நின்றது. யாருக்கும் காயமில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அங்கே சிறு சிறு சரிவுகள் விழுந்துகொண்டிருந்ததால் சாலையை முன்பே மூடியிருந்தார்கள். மண் அள்ளிக்கொண்டிருந்த பணியாளர்களையும், மலை நகர்வது தெரிந்தவுடன் சில நாட்களுக்கு முன்பே இயந்திரங்களோடு வெளியேற்றிவிட்டார்கள்.

விழுந்த மண்ணின் அளவு 50 லட்சம் கன யார்டுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள்; நம் கணக்கில் 38 லட்சம் கன மீட்டர். ஒரு டிப்பர் லாரி 10 கன மீட்டர் ஏற்றும் என்று வைத்துக்கொண்டால் 3 லட்சத்து 80 ஆயிரம் நடை. மலையை ஒட்டிப் போகும் அந்த இருவழிச் சாலையில் தினமும் 200 நடை அடித்தாலும் ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். பக்கத்திலேயே கடல் இருக்கிறதே, புல்டோசரை வைத்துத் தள்ளிவிட்டால் என்ன? பல பத்தாண்டுகள் அங்கே அப்படித்தான் செய்தார்கள். 2017இல் அது முடியாது. சாலைக்குக் கீழே இருப்பது மான்டரே விரிகுடா தேசியக் கடல் காப்பகம்.

மலைச்சரிவுள்ள கடலோரச் சாலைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தடுப்புச்சுவர், வலை, பாலம், சுரங்கம் என்றே போகிறது. பிக் சரின் எண்பது தொண்ணூறு ஆண்டு வரலாற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது வேறு. அங்கே எல்லா முடிவுகளையும் கடைசியில் தீர்மானிப்பது, சரிந்த மண் எங்கே போகிறது என்ற கேள்விதான். அதற்கு மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது பதில் தேடினால் பதில் எப்போதும் கடலாகத்தான் இருக்கும்.

மலை ஏன் நிற்பதில்லை

கார்மலிலிருந்து சான் சிமியோன் வரை சுமார் 90 மைல். சாந்தா லூசியா மலைத்தொடர் நேராகக் கடலிலிருந்து எழுகிறது. கோன் பீக் சிகரத்தின் உயரம் 1,571 மீட்டர். கடலிலிருந்து அது ஐந்து கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பெருநிலத்தின் கரையோரங்களில் இவ்வளவு செங்குத்தான ஏற்றத்தைப் பார்ப்பது அரிது.

உயரம் மட்டும் இருந்தால் பிரச்சினையில்லை. தென்பகுதியில் இருப்பது ஃபிரான்சிஸ்கன் தொகுதி எனப்படும் பாறை. நிலத்தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று நுழைந்தபோது அரைபட்டு நொறுங்கிக் குழம்பிய கலவை அது. ஒரு கை அகலத்தில் கெட்டிப் பாறை, அடுத்த கை அகலத்தில் விரலால் பிசையக்கூடிய களிமண். கோடையில் ஒரு சொட்டு மழை கிடையாது. குளிர்காலத்தில், பசிபிக்கின் மேல் நூற்றுக்கணக்கான மைல் நீண்டு வரும் ஈரக்காற்றுப் பட்டைகள் இந்த மலையில் முட்டி, ஓரிரு நாட்களிலேயே பெருமழையைக் கொட்டும். கீழே அலை அடிவாரத்தை அரித்துக்கொண்டே இருக்கும். மேலே நீர் ஊறி எடை கூடும், கீழே தாங்கல் போகும். நடுவில் மலையை வெட்டிப் போட்ட சாலை.

மட் கிரீக்கில் அந்த மலைப்பக்கம் திடீரென்று நகர ஆரம்பித்துவிடவில்லை. பல ஆண்டுகளாக மெல்ல ஊர்ந்துகொண்டிருந்ததைச் செயற்கைக்கோள் ரேடார் படங்களைப் பின்னோக்கி அலசியபோது கண்டுபிடித்தார்கள். நெடிய வறட்சிக்குப் பின் 2017இன் பெருமழை வந்து அந்த ஊர்தலைப் பெருஞ்சரிவாக்கிவிட்டது. இந்தச் செய்தியில் எனக்கு ஒரு நம்பிக்கை தெரிகிறது. ஊர்ந்துகொண்டிருக்கும் மலையை முன்பே அடையாளம் காண முடியும் என்றால், அதன் மண்ணுக்கான இடத்தையும் முன்பே தேடி வைக்க முடியும்.

தள்ளிவிட்ட காலம்

இந்தச் சாலைக்கான எண்ணம் 1894இல் பாயின்ட் சர் அருகே 'லாஸ் ஏஞ்சலஸ்' என்ற நீராவிக் கப்பல் உடைந்தபோது பிறந்தது என்பார்கள். காயம்பட்டவர்களைப் பார்க்கக் கரடுமுரடான வண்டிப்பாதையில் போன மருத்துவர் ஜான் ராபர்ட்ஸ், இங்கே ஒரு சாலை வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் கேட்டார். 1919இல் மாநிலம் பணம் ஒதுக்கியது. சான் குவென்டின் சிறைக் கைதிகளும் சேர்ந்து வேலை செய்தார்கள். 1932இல் பிக்ஸ்பி ஓடையின் மேல் அந்தப் புகழ்பெற்ற வளைவுப் பாலம் முடிந்தது. 1937இல் முழுச் சாலையும் திறந்தது. மலையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தகர்ந்தது கடலுக்குப் போனது. அந்தக் காலத்தில் அது ஒரு கேள்வியாகவே யாருக்கும் படவில்லை.

சாலை திறந்த மறு ஆண்டே அதே பிக்ஸ்பி ஓடை முகத்துவாரத்தில் கடல் நீர்நாய்க் கூட்டம் ஒன்று கண்ணில் பட்டது. தோலுக்காக வேட்டையாடப்பட்டுக் கலிஃபோர்னியாவில் அற்றுப்போனதாகவே பலர் நினைத்திருந்த விலங்கு அது. ஏறக்குறைய ஐம்பது மட்டும், எளிதில் போய்ச் சேர முடியாத இந்தக் கரையில் ஒளிந்து பிழைத்திருந்தன. இன்று அந்தக் கரையில் வாழும் ஏறத்தாழ 3,000 நீர்நாய்களும் அவற்றின் வழித்தோன்றல்களே. மண் கொட்டப்பட்டுக்கொண்டிருந்த கடல் யாருமில்லாத வெறும் நீர் என்று இனிச் சொல்ல முடியாமல் போனது. ஆனால் வழக்கம் மாற இன்னும் ஐம்பது வருடம் ஆயிற்று.

1983 எல் நினோ குளிர்காலத்தில் ஜூலியா ஃபைஃபர் பர்ன்ஸ் மாநிலப் பூங்கா அருகே பெருஞ்சரிவு. சாலையைத் திறக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. டன் கணக்கில் வெடிமருந்து, வரிசையாகப் புல்டோசர்கள். புல்டோசர் ஓட்டுநர் ஒருவர் உயிரையும் இழந்தார். விழுந்ததும் வெட்டியதுமான மண் கடலுக்கே போனது. அதன் விளைவை இன்றும் கண்ணால் பார்க்கலாம். பக்கத்திலுள்ள மெக்வே அருவி அதற்கு முன் நேராகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. சரிவுக்குப் பின் அலை கொண்டுவந்து சேர்த்த மண், அருவியின் அடியில் ஒரு மணற்கரையை உண்டாக்கிவிட்டது. உலகம் முழுக்க நாட்காட்டிகளில் அச்சாகும் அந்த அழகிய கரை, 1983க்கு முன் இல்லாத ஒன்று. படம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

மண் கடலில் என்ன செய்கிறது

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 'இயற்கையாகவே மலை சரிந்து கடலில் விழத்தானே செய்கிறது, நாம் தள்ளினால் என்ன குறைந்துவிடும்' என்ற வாதம் வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

கருப்பு அபலோன் என்ற கடல் நத்தையை எடுத்துக்கொள்வோம். கடல் வற்றும்போது வெளியே தெரியும் பாறைகளின் கீழ்ப்பகுதியில், இடுக்குகளுக்குள் அது ஒட்டிக்கொண்டிருக்கும். கிண்ணம்போல் குவிந்த, கருநீல ஓடு. ஓட்டின் ஓரத்தில் வரிசையாக ஐந்தாறு துளைகள். உள்ளே இழுத்த நீரை அவற்றின் வழியேதான் வெளியே விடும். அதிகம் நகராது. கெல்ப் எனும் பெரும்பாசிக் காட்டிலிருந்து அறுந்து மிதந்து வரும் இலைத்துண்டு இடுக்குக்குள் வரும்வரை காத்திருந்து, காலால் அழுத்திப் பிடித்துத் தின்னும். இடுக்கில் சேறு நிரம்பினால் அதற்குத் தப்பிக்க வழியில்லை. துளைகள் அடைபட்டு மூச்சுத் திணறிச் சாகும். அதன் குஞ்சுகள் பாறைமேல் இளஞ்சிவப்பு மேலோடாகப் படரும் சுண்ணாம்புப் பாசியைத் தேடித்தான் தங்கும். அந்தப் பாசிமேல் மெல்லிய வண்டல் படிந்தால்கூடத் தங்க இடமில்லை. குஞ்சுகள் வெகுதூரம் மிதந்து போகக்கூடியவையும் அல்ல. ஒரு பாறைத்திட்டு புதைந்தால் அங்கே மீண்டும் அபலோன் வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அளவுக்கு மீறிய அறுவடையும், பிறகு தசையைச் சுருங்கவைக்கும் ஒரு நோயும் தெற்குக் கலிஃபோர்னியாவில் இவற்றை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டன. 2009இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. மிஞ்சியிருக்கும் நல்ல இருப்பிடங்களில் பிக் சர் கரையும் ஒன்று.

புதைப்பது ஒரு கேடு. இன்னும் இரண்டு உண்டு. நுண்ணிய களிமண் நீரில் மிதந்து கலங்கலாக்கும்போது கெல்ப்பின் இளங்குருத்துகளுக்கு வெளிச்சம் கிடைக்காது. பருமணலும் சரளையும் அலையோடு சேர்ந்து பாறையைத் தேய்க்கும்போது, ஒட்டியிருக்கும் உயிர்களை உரித்தெடுத்துவிடும். சரிவு நின்ற பிறகும் இந்தத் தேய்ப்பு பல குளிர்காலங்களுக்கு நடக்கும்.

இப்போது மறுபக்கம். கலிஃபோர்னியாவில் பல ஆறுகளை அணைகள் மறித்துவிட்டதால் கடற்கரைகளுக்கு மணல் வரத்து குறைந்திருக்கிறது. பிக் சர் போன்ற செங்குத்துக் கரையில் மலைச்சரிவே மணலுக்கு முக்கிய ஊற்று. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 1942ஆம் ஆண்டின் வான்படங்களையும் 1994இன் படங்களையும் ஒப்பிட்டு, கரையின் எந்தத் துண்டிலிருந்து எவ்வளவு மண் கடலுக்குப் போயிருக்கிறது என்று அளந்தது. துண்டுக்குத் துண்டு பெருத்த வேறுபாடு. சில இடங்களில் கடலடி ஏற்கெனவே சரளையும் மணலுமாக இருக்கிறது; மண் வந்து விழுவதற்குப் பழகிய உயிர்கள்தான் அங்கே வாழ்கின்றன. வேறு சில இடங்களில் சுத்தமான பாறைக்கரை. நூறாண்டுகளாக அங்கே பெரிதாக எதுவும் விழுந்ததில்லை.

ஆகவே கடலில் மண் விழலாமா கூடாதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில், எந்தப் பருவத்தில், என்ன பருமனுள்ள மண் என்று பிரித்துக் கேட்க வேண்டும். சரிந்த மண்ணை அலை தன் போக்கில் பத்து வருடம் அரித்து எடுத்துக்கொள்வதும், அதே மண்ணைப் புல்டோசர் பத்து வாரத்தில் தள்ளுவதும் ஒன்றாகிவிடாது. சரிவு நடந்த இடத்தின் மண்ணை லாரியில் ஏற்றி நான்கு மைல் தள்ளி, வசதியான திருப்பம் இருக்கிறதே என்று ஒரு பாறைக்கரையில் கவிழ்ப்பது இவை எல்லாவற்றையும்விட மோசம். சாலைத் துறை பழைய நாளில் செய்தவற்றில் இந்தக் கடைசி வகையே அதிகக் கேடு செய்தது என்பது என் கணிப்பு.

1992க்குப் பிறகு

1992 செப்டம்பரில் மான்டரே விரிகுடா கடல் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 276 மைல் கரை, 6,000 சதுர மைலுக்கு மேல் கடல். உயர் ஓதக் கோட்டிலிருந்து காப்பகம் தொடங்குகிறது. அனுமதியின்றி அதற்குள் எதையும் கொட்டக் கூடாது. வெளியே கொட்டியது உள்ளே வந்து கேடு செய்தாலும் குற்றம். 1976இன் கடற்கரைச் சட்டம் ஏற்கெனவே கரைமேட்டுக்கும் சாலைக்கும் கட்டுப்பாடு விதித்திருந்தது. மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸ் அதுவரை செய்துவந்த பக்கவாட்டுத் தள்ளல், ஒரே நாளில் சட்டவிரோதமாகிவிட்டது.

முதல் பெரும் சோதனை 1998 எல் நினோ. 40க்கும் மேற்பட்ட இடங்களில் சாலை சேதம், மாதக்கணக்கில் அடைப்பு. நெருக்கடியில் ஒரு துறை மற்றொன்றிடம் அனுமதி கேட்டு, அது மூன்றாவது துறையைக் கேட்டு, ஊர்மக்கள் கொதித்துப்போனார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 2004இல் வெளியான கடலோர நெடுஞ்சாலை மேலாண்மைத் திட்டம். கால்டிரான்ஸ், கடல் காப்பகம், மாவட்ட நிர்வாகம், வனத்துறை, பூங்காத் துறை, குடியிருப்போர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். கரையின் கடலடி எப்படிப்பட்டது என்பது அப்போதுதான் சாலைக்காகப் பார்க்கப்பட்டது.

அந்தத் திட்டத்தின் வழிகாட்டல்களில் நான் மிகவும் மதிப்பது அதன் வரிசைமுறையை. முதலில் மண்ணையே குறைக்கப் பார். சரிவின் அடிவாரத்தை வெட்டினால் மேலிருந்து இன்னும் வரும். ஆகவே வெட்டாமல் சாலையைக் கொஞ்சம் மேலேயோ வெளியேயோ வளைக்க முடியுமா என்று பார். வெட்டிய மண்ணை அதே இடத்தில் கரை நிரப்பவோ சாலை உயர்த்தவோ பயன்படுத்து. மிஞ்சினால் நிலத்தில் இடம் தேடு. கடல் என்பது கடைசிப் பேச்சு. அதுவும் அந்த இடத்தின் கடலடியைப் பார்த்த பிறகுதான்.

நிலத்தில் இடம் தேடுவது சொல்வதுபோல் எளிதன்று. அங்கே சமதரையே இல்லை. இருக்கும் சிறு மேடைகளில் காட்டு பக்வீட் செடி வளர்கிறது. அழிந்துவரும் ஸ்மித் நீலப் பட்டாம்பூச்சி அந்தச் செடியை விட்டால் வேறெதிலும் முட்டையிடாது. ஓடைப் பள்ளங்களை நிரப்பினால் கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் ஸ்டீல்ஹெட் மீனுக்கு வழி அடையும். புதிதாகக் கொட்டிய மண்ணில் முதலில் குடியேறுவது வெளியிலிருந்து வந்த பம்பாஸ் புல். ஒருமுறை வேர்விட்டால் மலை முழுக்க வெள்ளைப் பூங்கொத்தாக அதுவே. கடலைக் காக்க மண்ணை மலைமேல் ஏற்றினோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. டிப்பர்கள் எரிக்கும் டீசலும், அவை நொறுக்கும் சாலையும் தனிக் கணக்கு.

மட் கிரீக்கில் எடுத்த முடிவு

சரிந்த மலையை அப்புறப்படுத்துவது, பாலம், சுரங்கம் எல்லாவற்றையும் பரிசீலித்துவிட்டு, 2017 ஆகஸ்டில் கால்டிரான்ஸ் அறிவித்தது: சரிவின் மேலேயே சாலை போடுகிறோம். மண்ணை எடுத்து எங்கும் கொண்டுபோகப் போவதில்லை. விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்கட்டும். அதன் எடையே மேலுள்ள மலைக்கு முட்டுக்கொடுக்கும்.

அதற்குள் கடல் புது நிலத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது. நிலவியல் ஆய்வு மையத்தினர் சிறு விமானத்தில் திரும்பத் திரும்பப் பறந்து, எடுத்த படங்களை முப்பரிமாணமாக்கி, ஓரம் எவ்வளவு பின்வாங்குகிறது என்று அளந்துகொண்டே இருந்தார்கள். அடிவாரம் போனால் மேலே போடும் சாலையும் போகும். ஆகவே அடிவாரத்தில் பெரும்பாறைகளை அடுக்கினார்கள். மேலே கரைகள், பள்ளங்கள், உருண்டுவரும் கல்லைப் பிடிக்க வலைகள், நீர் வடியக் குழாய்கள். 2018 ஜூலை 18இல் சாலை திறந்தது. செலவு 5 கோடியே 40 லட்சம் டாலர்.

இந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். லட்சக்கணக்கான லாரி நடை மிச்சம். வேறு எந்தப் பாறைக்கரையும் புதையவில்லை. ஆனால் அந்தக் கல்லடுக்கு என்னை உறுத்துகிறது. கரையில் கல் அடுக்கினால் அலை மண்ணை எடுப்பது நிற்கும். சாலைக்கு அது பாதுகாப்பு, கீழ்க்கரைகளுக்கு மணல் வரத்து அந்த அளவுக்குக் குறைவு. இயற்கையாகக் கிடந்திருக்கக்கூடிய கரை இனிப் பராமரிக்கப்பட வேண்டிய கட்டுமானம். ஒவ்வொரு பெரும்புயலுக்குப் பின்னும் கல் சேர்க்க வேண்டிவரும். அவசரநிலையில் போட்ட கல்லை எடுத்த வரலாறு எந்தக் கடற்கரையிலும் அதிகமில்லை. நம் மீனவ ஊர்களில் கல் கொட்டிய கரைகளைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.

அதே 2017இல் வடக்கே ஃபைஃபர் பள்ளத்தாக்குப் பாலமும் மலை நகர்ந்ததால் தூண் விரிசல் கண்டு இடிக்கப்பட்டது. புதுப்பாலத்துக்கு நடுவில் தூணே இல்லை. நகரும் மலையில் காலூன்றாமல் எஃகு உத்தரங்கள் ஒரே வீச்சில் தாண்டிப்போகின்றன. அக்டோபரில் திறந்தார்கள். 2 கோடியே 40 லட்சம் டாலர். இரண்டு அடைப்புகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மக்கள் காட்டுப் பாதையில் நடந்து பள்ளிக்கும் கடைக்கும் போய்வந்தார்கள்.

தீ, பிறகு மழை

2020 ஆகஸ்டில் தொடங்கிய டோலன் காட்டுத்தீ சுமார் ஒன்றேகால் லட்சம் ஏக்கரை எரித்தது. எரிந்த மலையில் வேர்ப்பிடிப்பு இல்லை; மண்ணின் மேற்பரப்பில் நீர் இறங்காத ஒரு பொருக்கு உண்டாகிவிடும். 2021 ஜனவரி இறுதியில் பெருமழை. ராட் கிரீக் ஓடையில் சாம்பலும் சேறும் எரிந்த மரங்களுமாக இறங்கிய வெள்ளம், சாலைக்கடியில் ஓடைநீர் போகும் குழாயான கல்வர்ட்டை அடைத்தது. நீர் சாலைமேல் ஏறி, சாலையையே அறுத்துக் கடலுக்குள் கொண்டுபோனது. மழை முன்னறிவிப்பு வந்தவுடனேயே சாலையை மூடியிருந்தார்கள். அதனால் உயிர்ச்சேதமில்லை. எரிந்த மலைக்கு இவ்வளவு மழை ஆபத்து என்று முன்கூட்டியே வகுத்து வைத்து, அந்த அளவு வருமென்று தெரிந்ததும் கேட்டைச் சாத்தும் இந்த ஏற்பாட்டுக்குச் செலவு மிகக் குறைவு, பலன் மிகப் பெரிது.

ஏப்ரல் 23இல் சாலை மீண்டும் திறந்தது. பழையதைவிடப் பெரிய கல்வர்ட், அது அடைத்தால் துணைக்கு வேறு குழாய்கள். பிக் சரில் சாலையைக் காப்பதும் கடலைக் காப்பதும் ஒரே வேலையாக இருக்கும் இடம் கல்வர்ட். அடைபட்ட ஒரு குழாய் அறுத்துக் கொண்டுபோன மண்ணின் அளவு, அதைப் பெரிதாகப் போட ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிடக்கூடியதே அல்ல.

அந்த மழையில் கடலுக்குள் இறங்கிய சேறு கருப்பு அபலோன் வாழும் பாறைகளைப் புதைத்தது. சாண்டா குரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, சேற்றுக்குள் கைவிட்டுத் தேடி, உயிரோடிருந்தவற்றை எடுத்து ஆய்வகத் தொட்டிகளில் வைத்துப் பேணினார்கள். பிறகு நல்ல பாறைகளில் திரும்ப விட்டார்கள். புல்டோசர் தள்ளாத, முழுக்க இயற்கையாக வந்த சேறுதான் அது. ஆனாலும் தீயும் மழையும் இப்படி அடுத்தடுத்து வரும் காலத்தில், மிஞ்சியிருக்கும் பாறைகளின் மேல் மனிதக் கையால் கூடுதலாக ஒரு கூடை மண்கூட விழக்கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

விலகிப் போக முடிந்த இடங்கள்

இதே ஒன்றாம் எண் சாலை, சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே டெவில்ஸ் ஸ்லைடு என்ற மலைமுகத்தில் திரும்பத் திரும்ப அறுந்துகொண்டிருந்தது. கால்டிரான்ஸ் உள்நாட்டு மலைமேல் பெரிய மாற்றுச்சாலை போட நினைத்தது. ஊர்மக்கள் சுரங்கம் வேண்டுமென்று போராடி, 1996இல் வாக்கெடுப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு வென்றார்கள். 2013 மார்ச்சில் சுமார் 1.2 கிலோமீட்டர் நீள இரட்டைச் சுரங்கம் திறந்தது. 43 கோடி டாலருக்கு மேல் செலவு. சரிவை அதன் போக்கில் விட்டுவிட்டார்கள். கைவிட்ட பழைய சாலை நடைபாதையாயிற்று.

அதற்குக் கீழே கடலில் நிற்கும் பாறையில் மர் எனும் கடற்பறவைக் கூட்டம் 1980களில் மீன்வலைகளாலும் எண்ணெய்க் கசிவாலும் அற்றுப்போயிருந்தது. 1996இலிருந்து மரப்பொம்மைப் பறவைகளையும் கண்ணாடிகளையும் வைத்து, ஒலிப்பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அவற்றைத் திரும்ப அழைத்தார்கள். வந்து முட்டையிட்டன. இப்போது நடைபாதையிலிருந்து தொலைநோக்கியில் பார்க்கலாம்.

சான் சிமியோனுக்கு வடக்கே பியெட்ராஸ் பிளான்காஸில் நிலம் தாழ்வாக இருந்ததால் 2.8 மைல் சாலையைக் கரையிலிருந்து உள்ளே நகர்த்தி 2017இல் முடித்தார்கள். அரிப்பு நடக்கட்டும் என்று கடலுக்கு இடம் விட்டாயிற்று.

பிக் சரின் நடுப்பகுதியில் இந்த இரண்டு வழியும் அநேகமாக இல்லை. சமதரை கிடையாது. நொறுங்கிய பாறையில் மைல் கணக்கில் சுரங்கம் தோண்டினால் வெளிவரும் கல்லும் மண்ணும் மறுபடி அதே கேள்விக்குத்தான் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தும்.

மூன்று வருட அடைப்பு

2023 ஜனவரியில் பால்ஸ் ஸ்லைடு என்ற சரிவு சாலையை அடைத்தது. அது 2024 ஜூனில் திறப்பதற்குள் அருகே ரீஜென்ட்ஸ் ஸ்லைடு சரிந்திருந்தது. நடுவே 2024 மார்ச் 30இல் வடக்கே ராக்கி கிரீக் பாலத்தருகே கடல் பக்க வழித்தடத்தின் ஒரு துண்டு கழன்று விழுந்தது. சில வாரங்கள் ஊர்மக்களும் அத்தியாவசியப் பணியாளர்களும் மட்டும் காலையும் மாலையும் ஒருமுறை, வழிகாட்டி வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் அந்த இடத்தைக் கடக்க முடிந்தது.

ரீஜென்ட்ஸில் மேலிருந்து கீழாக மலையைச் செதுக்கினார்கள். ஆள் ஏறி ஓட்டினால் ஆபத்து என்பதால் தொலைவிலிருந்து இயக்கும் புல்டோசர்கள். சரிவைத் தைத்து நிறுத்த ஆயிரக்கணக்கான எஃகுக் கம்பிகள் துளையிட்டு இறக்கப்பட்டன. மண்ணை அள்ளுவதைவிடத் தைப்பதற்கு நேரமாகும், பணமாகும். ஆனால் எவ்வளவு தைக்கிறோமோ அவ்வளவு குறைவாக அள்ளினால் போதும். 2026 ஜனவரியில்தான் கார்மலிலிருந்து கேம்ப்ரியா வரை மீண்டும் ஒரே ஓட்டமாகப் போக முடிந்தது.

இந்த மூன்று வருடத்தில் அடிபட்டது அங்கேயே வாழும் 2,000க்கும் குறைவான மக்கள். விடுதி வேலைக்காரர்கள், சிறுகடைக்காரர்கள், சமையல்காரர்கள். கடலுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஏனென்றால் தாமதத்தின் பெரும்பகுதி கடல் காப்பகத்தால் வந்ததன்று. மலை இன்னும் நகர்ந்துகொண்டிருந்ததால் வந்தது. அவசரப்பட்டு அடிவாரத்தை வெட்டியிருந்தால் மேலிருந்து இன்னும் இறங்கியிருக்கும். இந்த வேறுபாட்டை மக்களிடம் தெளிவாகச் சொல்லாததால் 'பறவைக்கும் நத்தைக்கும் பார்க்கிறார்கள், நமக்குப் பார்க்கவில்லை' என்ற கசப்பு வளர்கிறது. அடைப்பு தவிர்க்க முடியாதது என்றால் அதற்கான இழப்பீடும் சாலைச் செலவின் ஒரு பகுதியாகக் கணக்கில் வர வேண்டும். 5 கோடி டாலர் மண்வேலைக்கு ஒதுக்க முடிகிற மாநிலத்துக்கு இது பெரிய தொகையல்ல.

சாலை முழுக்கத் திறந்திருக்கும் இந்த இடைவெளியை அடுத்த சரிவுக்கான மண்ணிடத்தை முடிவு செய்யப் பயன்படுத்த வேண்டும். ரேடார் படங்களில் ஊர்வதாகத் தெரியும் ஒவ்வொரு மலைப்பக்கத்துக்கும், மண் எங்கே தங்கும், எவ்வளவு தங்கும், எந்த மேடையில் பக்வீட் இல்லை, எந்த ஓடையில் ஸ்டீல்ஹெட் ஏறுவதில்லை என்று இடத்தின் பெயரோடு எழுதி, அனுமதியையும் வாங்கி வைத்துவிடலாம். எரிந்த மலைகளுக்குக் கீழுள்ள கல்வர்ட்களை மழைக்கு முன் பெரிதாக்கலாம். மட் கிரீக் கல்லடுக்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திறந்த மனதோடு மறுபரிசீலனை செய்து, தேவையில்லாத கல்லை எடுக்கலாம். சாலையின் ஒவ்வொரு மைலுக்கும் நேர் கீழே கடலடியில் இருப்பது சரளையா, பாறையா, அபலோன் ஒட்டிய இடுக்கா என்ற வரைபடம், நள்ளிரவில் தொலைபேசி அடித்தவுடன் புல்டோசரை அனுப்பும் பொறியாளரின் கையிலும் இருக்க வேண்டும்.